மாதங்கி: உருமியும் சர்ச்சையும்

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் லண்டன் தமிழ்ப்பெண் மாதங்கி அருள்பிரகாசத்தை ஈழத்தின் குரல் என்று கொண்டாடுபவர்களும் உண்டு, விளம்பரப் பிரியை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பிலும் அவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. பேராக் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா உருமியோடு வளர்ந்த நமக்கு அதைக் கேட்டு எடைபோடக் கூடுதல் உரிமை இருக்கிறது.

2007-இல் வந்த 'கலா' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். தாயின் பெயரைத் தாங்கிய இத்தொகுப்பின் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் இராகம் என்று சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் பதிவான உருமி மேளம்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது. தோலில் குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், கோழிக் கொக்கரிப்பு, பிள்ளைகளின் கூச்சல், இவற்றுக்கு நடுவே அவர் பாதி பேசியும் பாதி பாடியும் போகிறார். மேலைநாட்டுப் பாடகர்கள் பலர் நம் இசையை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வார்கள். இங்கே சோறே உருமிதான். ஈப்போ கல்லுமலைக்குக் காவடியோடு போகும் உருமிக் குழுவை வெறும் இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும். அவருடைய உண்மையான சாதனை இதுதான் என்பேன்.

புகழைத் தந்தது 'பேப்பர் பிளேன்ஸ்'. தி கிளாஷ் என்ற ஆங்கில ராக் குழுவின் இசைத்துணுக்கின் மேல் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் விழும். விசாவுக்காக அலைக்கழிந்தவர், குடியேறிகளைத் திருடர்களாகவே பார்க்கும் கண்ணைக் கேலி செய்தார். அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் அது 4-ஆம் இடம் வரை ஏறியது. தொலைக்காட்சிகளோ அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மழுப்பி ஒளிபரப்பின.

பயங்கரவாத ஆதரவாளர் என்ற முத்திரையும் கூடவே வந்தது. அவர் தந்தை அருளர் ஈரோஸ் என்ற ஈழப் போராளி அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். விடுதலைப் புலி அல்லர். இந்த வேறுபாட்டை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பலர் கண்டுகொள்ளவில்லை. 1948-இல் சுங்கை சிப்புட் கொலைகளுக்குப் பின் வந்த அவசரகாலத்தில் கூலி உயர்வு கேட்டவனும் துப்பாக்கி எடுத்தவனும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட கதை நம் தோட்டங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்தக் குழப்பத்தில் மாதங்கிக்கும் பங்கு உண்டு. புலி உருவங்களைத் தம் ஓவியங்களில் அடையாளமாக வைத்தவர், புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் 1990-இல் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதையும் பாட்டில் தொடவில்லை. ஒடுக்கப்பட்டவனின் கோபம் அங்கே ஒலிக்கிறது. அந்தக் கோபம் செய்த தவறு ஒலிக்கவில்லை. இதைச் சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இருந்தும், 2009-இல் இலங்கையின் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதை இனப்படுகொலை என்று சொல்ல வாய் திறந்த உலகப் பிரபலம் அவர்தான் என்றே சொல்லலாம். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அந்தத் துணிச்சலுக்குத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பிற்பாடு அதே துணிச்சல் எதற்கென்றில்லாமல் செலவானது. 2012 சூப்பர் பௌல் மேடையில் நடுவிரலைக் காட்டினார், வழக்கு வந்தது. தடுப்பூசியை ஐயுறும் பேச்சும் வந்தது. வன்னிக்கும் விரலுக்கும் ஒரே குரலை உயர்த்தினால், கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் தள்ளுவார்கள். இசையும் மெலிந்தது. 2016-இல் வந்த 'எய்ம்' தொகுப்பில் முழக்கம் இருக்கிறது, 'கலா'வின் மேளம் இல்லை.

2019-இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.ஈ. விருதை ஏற்றதற்காகவும் ஏசப்பட்டார். அகதியாக லண்டன் வந்த அவர் தாயார் அந்தப் பதக்கங்களுக்கான துணியைக் கையால் தைத்துப் பிழைத்தவர். அந்தத் தாய்க்காக ஏற்ற விருதை நான் குறை சொல்லமாட்டேன்.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய், சனம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும் நம் இளைஞர்கள் உருமியை விடவில்லை. சினிமா மெட்டைத் தாண்டி அதை எங்கே கொண்டுபோவது என்று தேடும் குழுக்களே, 'கலா'வை முழுதாகக் கேளுங்கள். அவர் பேட்டிகள் பிறகு இருக்கட்டும்.