கோவிவன்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, தண்டராம்பட்டு வட்டத்து எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தியின் கல் அது. செங்கம் பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அதற்குத் தனியாக ஒரு வட்டெழுத்து வாசகம்: கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்ளரைக் கடித்துக் காவல் காத்து நின்றதாம். நாய்க்கும் பெயர் வெட்டத் தோன்றியிருக்கிறதே, அந்தச் சிற்பியின் மனசுதான் எனக்குப் பெரிது. அரசர்கள் பெயரே தேய்ந்துபோன கற்கள் எத்தனையோ! அந்த நாயைப் பழக்கியவர் யார், வீட்டில் அந்த வீரனுக்காகக் காத்திருந்தவள் யார் என்று கல் சொல்லவில்லை. நாய் மட்டும் இன்னும் அவனை விட்டு நகரவில்லை.