கையால் ஆக்கிய கருவிகள்: தொடக்கநிலை வகுப்பறைத் துணைப்பொருள்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கநிலை ஆசிரியர்கள் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ளும் கற்றல் துணைப்பொருள்கள் பெரும்பாலும் அவற்றின் அழகு, மலிவு, புதுமை ஆகியவற்றால் மதிப்பிடப்படுகின்றன. அவை கற்பிக்க வந்த பொருளின் உள்ளமைப்பைச் சரியாகக் காட்டுகின்றனவா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மணற்பரப்பு, எழுத்தட்டை, குச்சிக்கட்டு, தீக்குச்சி மாதிரி, செயல்வழிக் கற்றல் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒரு துணைப்பொருளைத் திறனாய்வதற்குரிய அளவுகோல்களை இக்கட்டுரை வகுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கக்கல்வி, துணைப்பொருள், உயிர்மெய், இடமதிப்பு, செயல்வழிக் கற்றல், பிழை.

முன்னுரை

பாடநூலைத் திறனாயும் மரபு தமிழில் உண்டு. வகுப்பறைப் பொருளைத் திறனாயும் மரபு இன்னும் வேரூன்றவில்லை. ஒரு பாடலில் பொருட்குற்றம் இருப்பின் அதைச் சுட்டும் திறனாய்வாளர், சுவரில் தொங்கும் ஓர் எழுத்துச் சக்கரத்தில் உள்ள பொருட்குற்றத்தைக் கண்டுகொள்வதில்லை. ஆயினும் ஐந்து அகவைக் குழந்தைக்கு முதலில் வாய்க்கும் நூல் அந்தச் சக்கரமே. அதன் வழியாகவே எழுத்து என்றால் என்ன, எண் என்றால் என்ன என்னும் முதற்கருத்து அதன் உள்ளத்தில் பதிகிறது. எனவே துணைப்பொருளையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசிப்பது பொருந்தும்.

இக்கட்டுரை மூன்று வினாக்களை அளவுகோல்களாகக் கொள்கிறது. பொருளின் அமைப்பு, கற்கவேண்டிய கருத்தின் அமைப்போடு ஒத்திருக்கிறதா? குழந்தை செய்யும் பிழையை ஆசிரியர் சொல்லாமலே அப்பொருள் காட்டுகிறதா? குழந்தையின் கை அதனைக் கலைத்து மீண்டும் ஆக்க இயலுமா?

மணல் என்னும் முதற்கருவி

திண்ணைப் பள்ளியில் எழுத்து மணலில் தொடங்கியது. விலை இல்லாத பொருள். கையால் தடவினால் அழிந்துவிடும். பிழை நிலைத்து நின்று குழந்தையை நாணச் செய்வதில்லை. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதையர் விடுதியின் பொறுப்பாளராக விளங்கிய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையோடு இதனையும் சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர் அது ‘சென்னை முறை’ என்றே இங்கிலாந்தில் பெயர் பெற்றது. குறைந்த செலவுக் கருவி என்னும் கருத்து வெளியிலிருந்து இங்கு வந்தது அன்று. இங்கிருந்து சென்றதும் உண்டு என்பதற்கு இது சான்று.

எனினும் மணலுக்கு ஒரு குறை உண்டு. அது பிழையை அழிக்கும், பிழையைக் காட்டாது. எழுதிய வடிவம் சரியா என்பதை ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோதான் சொல்லவேண்டும். மரியா மாண்டிசோரி உருவாக்கிய உப்புத்தாள் எழுத்துகள் இக்குறையை ஓரளவு நீக்கின. சொரசொரப்பான வரிவடிவத்தின்மேல் விரல் செல்லும்போது, தடம் மாறினால் வழவழப்பான அட்டை அதனை உணர்த்திவிடுகிறது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரியின் பயிற்சி வகுப்புகளால் இம்முறை தமிழகத்தில் அறிமுகமாயிற்று. மணலின் எளிமையையும் உப்புத்தாளின் பிழை காட்டும் இயல்பையும் ஒருங்கே பெறுவது கடினமன்று. அட்டையில் பசை தடவி மணலைத் தூவி எழுத்தாக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் இணைத்துவிடுகிறார்.

எழுத்தட்டையும் தமிழ் வரிவடிவமும்

தொடக்கநிலை வகுப்புகளில் பரவலாகக் காணப்படும் கைவினைப் பொருள் எழுத்துச் சக்கரமாகும். ஒரு வட்டில் மெய்களும் மற்றொரு வட்டில் உயிர்க்குறிகளும் எழுதப்பட்டு, நடுவில் ஆணி செருகப்படும். வட்டைச் சுழற்றினால் உயிர்மெய் உருவாகும் என்பது இதன் அடிப்படை. அழகிய கருவிதான், ஆயின் தமிழ் வரிவடிவம் முழுமைக்கும் இது பொருந்துமா?

உயிர்மெய் 216. இவற்றுள் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஏழு வரிசைகளின் குறிகள் எழுத்தைத் தொடாமல் தனித்து நிற்பவை: கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, கொம்பும் காலும் இணைந்தவை. ஏழு வரிசையிலும் சேர்த்து 126 எழுத்துகள். இவற்றை நகர்த்தும் அட்டைகளால் பிழையின்றி ஆக்கலாம். இ, ஈ வரிசைகளின் 36 எழுத்துகளில் குறி எழுத்தோடு ஒட்டுகிறது. ‘டி’, ‘டீ’ போன்றவற்றில் ஒட்டும் இடமே மாறுகிறது. உ, ஊ வரிசைகளின் 36 எழுத்துகளிலோ பொதுக்குறி என ஒன்று இல்லை. கு, சு, டு, து, பு என்பவற்றை அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பின் இது விளங்கும். எஞ்சிய அகர வரிசை 18 எழுத்துகளுக்குக் குறியே இல்லை.

ஆகவே, உகர வரிசைக்கும் சக்கரம் செய்யும் ஆசிரியர், இல்லாத ஓர் ஒழுங்கை இருப்பதாகக் காட்டிவிடுகிறார். குழந்தை ‘கு’வின் குறியைக் கொண்டு ‘து’வை எழுதினால் பிழை குழந்தையுடையது அன்று, கருவியுடையது. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் இவ்விடத்தில் கருதத்தக்கது. ணா, றா, னா முதலாகவும் ணை, லை, ளை, னை எனவும் 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் நீக்கப்பட்டு, பொதுக்குறி பெற்ற வடிவங்கள் வந்தன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்றே இது பெரிதும் பேசப்பட்டது. அட்டைகளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் தொடக்கநிலை ஆசிரியருக்கும் இச்சீர்திருத்தம் பெரும் பயனளித்தது. மேற்சொன்ன 126 எழுத்துகளும் விதிவிலக்கின்றிப் பிரித்துச் சேர்க்கத்தக்கவை ஆனது இதனாலேயே.

இவ்வாய்விலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு எளிது. கால், கொம்பு வரிசைகளுக்கு நகர்த்தும் அட்டை. இகர வரிசைகளுக்கு விரலால் தடவும் எழுத்து. உகர வரிசைகளுக்கு ஒத்த வடிவங்களைக் குழுவாகத் தொகுக்கும் விளையாட்டு. ஒரே கருவியால் எல்லாவற்றையும் கற்பிக்க முனைவதே குற்றம்.

குச்சிக்கட்டும் ஆணிமணிச் சட்டமும்

இடமதிப்பைக் கற்பிக்க இரு கருவிகள் வழங்குகின்றன. ஒன்று, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள். மற்றொன்று, ஆணிமணிச் சட்டம். பின்னது பார்வைக்குச் சிறந்தது. ஆய்வு அலுவலர் வரும்போது மேசைமேல் வைக்கத்தக்கது. இரண்டும் ஒன்றையே கற்பிக்கின்றன என்பது பொதுவான எண்ணம்.

32இலிருந்து 15ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். குழந்தையிடம் மூன்று கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் உள்ளன. இரண்டிலிருந்து ஐந்தை எடுக்க இயலவில்லை. கயிற்றை அவிழ்க்கிறது, இப்போது இரண்டு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் உள்ளன. ஐந்தை எடுத்தால் ஏழு, ஒரு கட்டை எடுத்தால் எஞ்சுவது ஒரு கட்டு, விடை 17. ‘கடன் வாங்குதல்’ என்னும் சொல்லே இங்குத் தேவையில்லை. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு கட்டு அவிழ்ந்தது, அவ்வளவே.

ஆணிமணிச் சட்டத்தில் பத்தின் இடத்தில் உள்ள மணியும் ஒன்றின் இடத்தில் உள்ள மணியும் ஒரே வடிவின. பத்து என்பது அம்மணிக்குள் இல்லை; அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. எண்ணை எழுதும் முறையின் நுட்பமும் அதுவே. ஆகவே சட்டம் குறைபாடுள்ள கருவி அன்று. அது அடுத்த படிக்குரிய கருவி. கட்டை அவிழ்த்துப் பழகாத குழந்தைக்கு அதனை முதலில் கொடுத்தால், ஒரு மணியை எடுத்துவிட்டுப் பத்து மணிகளைச் செருகும் செயல் காரணம் விளங்காத சடங்காகிவிடும். விலை குறைந்த கருவி எப்போதும் விலை மிகுந்ததன் ஏழைப் பதிலி அன்று என்பதை இவ்வெடுத்துக்காட்டு மெய்ப்பிக்கிறது.

தீக்குச்சி மாதிரிகள்

கையால் ஆக்கும் கல்விப் பொருளுக்கு இந்தியாவில் தனியோர் இலக்கியத்தையே உருவாக்கியவர் அரவிந்த் குப்தா. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு தொடர்புகொண்டு பணியாற்றிய இப்பொறியாளர், தீக்குச்சிகளையும் மிதிவண்டியின் வால்வுக் குழாயையும் கொண்டு வடிவியல் மாதிரிகளை அமைத்தார். சிறு துண்டாக வெட்டிய குழாயின் இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை அழுத்தினாலும் அது உருமாறுவதில்லை. நான்கால் ஆன சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிறது. அதனை நிலைநிறுத்த வேண்டுமெனில் மூலைவிட்டமாக ஒரு குச்சி வேண்டும். அஃதாவது, சதுரத்தை இரு முக்கோணங்களாக்க வேண்டும். கூரைச் சட்டங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணம் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதைக் குழந்தையின் விரல்களே கண்டுகொள்கின்றன.

முன்வைத்த மூன்று அளவுகோல்களும் இங்கு நிறைவேறுகின்றன. மாதிரியின் அமைப்பே கருத்தின் அமைப்பு. பிழையான கட்டு தானே சரிகிறது. கலைத்து மீண்டும் கட்டலாம். தமிழில் 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழும் இத்தகைய எளிய சோதனைகளைப் பரப்பியது. ஆயினும், இத்தகைய நூல்களைப் பின்பற்றிச் செய்யும் செயல்திட்டங்கள் பல வீடுகளில் பெற்றோர் செய்து பிள்ளை கொண்டுவரும் காட்சிப்பொருளாக முடிகின்றன. ஆக்கும் செயல் குழந்தையின் கையிலிருந்து நழுவிய அக்கணமே, அறிவியல் மாதிரி வெறும் பொம்மையாகிறது.

அட்டைகளின் காலம்

தமிழகத் தொடக்கக்கல்வியில் துணைப்பொருளை மையத்துக்குக் கொண்டுவந்த பெரும் முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. கற்றல் ஏணி, சின்னங்கள் பொறித்த அட்டைகள், தரையையொட்டிய கரும்பலகை, கம்பிப் பந்தலில் தொங்கும் குழந்தைகளின் ஆக்கங்கள் ஆகியன வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றின. பத்து நாள் பள்ளிக்கு வராத குழந்தை திரும்பி வரும்போது, தான் விட்ட படியிலிருந்து தொடரலாம் என்பது இம்முறையின் தலையாய அறம். ஓராசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகளுக்கு இது பெருந்துணையாயிற்று.

அதே வேளையில் அச்சிட்ட அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டது. எப்பொருள் எப்போது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை ஆசிரியர் கையிலிருந்து ஏணிக்குச் சென்றது. நெய்தல் நிலத்துப் பள்ளிக்கும் மலைக்கிராமத்துப் பள்ளிக்கும் ஒரே அட்டை. சிப்பியை எண்ணத் தெரிந்த குழந்தையும் கடுக்காயை எண்ணத் தெரிந்த குழந்தையும் அட்டையில் வரைந்த ஒரே படத்தை எண்ணின. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளை வகுத்து, பாடலுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் இடம் தந்திருப்பது ஆசிரியரின் கைவினைக்கு மீண்டும் வழி திறக்கிறது. அவ்வழி பயன்படுவது, செய்த பொருளைக் குழந்தை தொடுகிறதா, பதிவேட்டுக்கான படமாக மட்டும் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது.

செலவும் பொறுப்பும்

‘செலவில்லாத துணைப்பொருள்’ என்னும் புகழ்ச்சியை ஐயத்தோடு நோக்கவேண்டும். 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், அறைகளும் ஆசிரியர்களும் கற்பித்தல் கருவிகளும் குறைந்த அளவிலேனும் தொடக்கப்பள்ளிக்கு அளிக்கப்படுதல் அரசின் கடமை என ஏற்றது. அனைவருக்கும் கல்வி இயக்கம் துணைப்பொருளுக்கென ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கியது. அத்தொகைக்கு அப்பால் தாளும் வண்ணமும் ஆசிரியரின் கைப்பணத்தில் வாங்கப்படுகின்றன. கத்தரிக்கும் வேலை வீட்டில் இரவில் நிகழ்கிறது. கணக்கில் வராத அவ்வுழைப்பைச் சிக்கனம் என்று பெயரிட்டுப் பாராட்டுவது நேர்மையாகாது. ஈர்க்குச்சி சிறந்த கருவி என்பது உண்மை. அதனால் நூலகமும் ஆய்வகமும் வேண்டா என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று.

குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா (1885–1939) தம் ‘பகற்கனவு’ நூலில் இதனைத் தெளிவாக உணர்த்துகிறார். அந்நூலின் ஆசிரியர் லட்சுமிராம் முன்னரே திட்டமிட்டு வந்த அமைதி விளையாட்டு, முதல் நாளிலேயே கூச்சலில் முடிகிறது. அவரைக் காப்பாற்றுவது கதை. பின்னர்ப் பாடநூலுக்குரிய பணத்தை ஒன்றுதிரட்டி வகுப்புக்கொரு நூலகம் அமைக்கிறார். கருவி தோற்றபோது அதனைக் கைவிடவும், குழந்தைகளைப் பார்த்து வேறொன்றைத் தேர்ந்துகொள்ளவும், பணத்தை வேறு வழியில் செலவிடவும் அவருக்கு இசைவு இருந்தது. அவ்வுரிமையே அவ்வகுப்பறையின் முதன்மைத் துணைப்பொருள் எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், துணைப்பொருளின் தரம் அதன் அழகிலோ விலையிலோ இல்லை என்பதும், கருத்தின் அமைப்போடு ஒத்திருத்தல், பிழையைத் தானே காட்டுதல், குழந்தையின் கைக்கு இடந்தருதல் ஆகிய மூன்றிலும் உள்ளது என்பதும் பெறப்படுகின்றன. எழுத்துச் சக்கரம் உகர வரிசையில் தவறுவதும், குச்சிக்கட்டு ஆணிமணிச் சட்டத்துக்கு முன்வருவதும், தீக்குச்சிச் சதுரம் சாய்ந்து கற்பிப்பதும் இவ்வளவுகோல்களால் விளக்கம் பெறுகின்றன. ஆசிரியர் பயிற்சிகளில் துணைப்பொருளைச் செய்யக் கற்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதியேனும், செய்த பொருளைத் திறனாயக் கற்பிப்பதற்கு ஒதுக்கப்படுதல் வேண்டும். தன் கையால் ஆக்கிய ஒன்றைத் தானே குறை கண்டு கலைத்து மீண்டும் ஆக்கும் ஆசிரியரிடம்தான், அவ்வாறே செய்யத் துணியும் குழந்தை உருவாகும்.