பேயும் பேதும்

"தெவ்வ என்றால் தெய்வந்தானே?" என்று நம் வீட்டுச் சிறுமி ஒரு நாள் வினவினாள். பள்ளியில் கன்னடத் தோழியர் பேய்க்கதை கூறியிருக்கின்றனர். ஒக்கலிபுரத்தில் வளரும் பிள்ளைக்கு இவ்வையம் எழுதல் இயல்பே. கன்னடத்தில் தேவரு கடவுள், தெவ்வ பேய். விடை கூறப் புகுந்த நாமும் சற்றே தடுமாறினோம். தமிழிலும் இவ்வெல்லை அத்துணைத் தெளிவானதன்று. வருத்தும் தெய்வம் அணங்கு. அழகால் வருத்தும் பெண்ணும் அணங்கே. புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் தீயோரை ஒறுத்து ஊரைக் காத்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். இன்றோ உண்ண மறுக்கும் குழந்தையை அச்சுறுத்தும் பணி ஒன்றே அதற்கு எஞ்சியுள்ளது. துளுநாட்டில் மட்டும் பூதம் பழைய மதிப்புடன் கோலம் கொண்டு ஆடுகிறது.

அலகை, கழுது, கூளி என்னும் சொற்களையெல்லாம் 'பிசாசு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடும் அகராதிப் போக்கு நமக்கு உடன்பாடன்று. பேய் என்னும் சொல்லையே பாருங்கள். பேய்ச்சுரை, பேய்மழை என்பவற்றில் ஆவி எங்கே இருக்கிறது? கானல்நீருக்குப் பேய்த்தேர் என்று பெயரிட்டவன் பொய்த்தோற்றத்தை அன்றோ குறித்தான்! தொல்காப்பிய உரியியல், பே என்பதற்கு அச்சம் என்றே பொருள் கூறுகிறது. மெய்ப்பாட்டியலும் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை எண்ணுமிடத்து அணங்கை விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றோடு ஒருங்கே வைக்கிறது. அரசனும் அப்பட்டியலில் உண்டு என்பதை அரசு ஊழியராகிய நாம் மறவோம்.

இந்நுட்பத்தைக் கதையாக்கிக் காட்டியவர் சாத்தனார். மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் இளைஞன் சுடுகாட்டில் தனியே செல்கிறான். பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேயைக் காண்கிறான். ஓடிவந்து தாயிடம் கூறி உயிர் துறக்கிறான். கண்ணிழந்த அத்தாய் கோதமை, நகர்க்காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். பேயும் அணங்கும் உயிர் உண்பதில்லை என்பதே தெய்வத்தின் விடை. மகனது பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிரைக் கவர்ந்ததாம்.

இதனை வறண்ட சமயப் பிரசாரம் என்பாருடன் நாம் மாறுபடுகிறோம். பேய் இல்லை என்று புலவர் கூறவில்லை. அது நம் கண்முன் ஆடவே செய்கிறது. கொன்றது அது அன்று என்பதே அவர் தீர்ப்பு. பேது என்றால் மயக்கம். பேய், பேது இரண்டும் ஒரே வேரினவென்று துணிய நாம் மொழிநூலறிஞர் அல்லோம். ஆயின் காதையில் அவை அருகருகே நிற்கும்போது செவி அதனைக் கேளாதிருப்பதில்லை. ஒரு குறையும் உண்டு. மயக்கத்தை அவ்வளவு கூர்மையாகக் கண்ட புலவர், உடனே ஊழைத் துணைக்கழைத்து அதனை விட்டகன்றுவிடுகிறார். அவர் விட்ட இடத்தில் நெடுங்காலங் கழித்துத் தங்கி நின்றவர் புதுமைப்பித்தன். 'காஞ்சனை'யில் வேலைக்காரி பேயோ பெண்ணோ என்று அவர் முடித்துக் கூறாமையே கதையின் வலிமை.

1990களில், நாம் சிறுவராயிருந்தபோது, இந்நகரின் பல பகுதிகளில் வீட்டுக் கதவுகளில் 'நாளெ பா' என்று எழுதிவைத்தனர். இரவில் கதவு தட்டும் பேய் அதனைப் படித்து, நாளை வரலாமென்று திரும்பிவிடுமாம். நாள்தோறும் அதே நாளை. அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் கழித்த நமக்கு அச்சொற்களின் ஆற்றல் நன்கு விளங்கும். எழுத்தறிந்த பேய் என்பது நகரத்துக்கே உரிய கற்பனை.

நம் அன்னையாருக்கோ வேறோர் ஐயம். வருவது நம்மைப்போல் ஊர்விட்டு வந்த பேயாயிருந்து, கன்னடம் படிக்கத் தெரியாவிடின் என் செய்வது? கன்னட வரியின் கீழே 'நாளை வா' என்று சுண்ணக்கட்டியால் தமிழிலும் எழுதுவித்தார். எழுதியவர் நாமே. 'ளை' கோணலாக விழுந்ததென்று இருமுறை அழித்து எழுதச் சொன்னதும் நினைவிலுள்ளது.