உதவிநிதி இசையரங்கும் உரிமைக் குரலும்

கலை மக்களுக்காகவே என்னும் கோட்பாட்டை ஏற்றுக்கொள்வோர் தொகை இன்று குறைவன்று. ஆயின் மக்களுக்காகப் பாடும் கலைஞருக்கு யார் பொறுப்பு என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. நற்பணிகளுக்கு நிதி திரட்டும் இசையரங்குகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. மருத்துவமனைக்கென்றும் பள்ளிக்கூடத்துக்கென்றும் வழக்குச் செலவுக்கென்றும் உள்ளூர்ப் பாடகியர் மேடையேறுகின்றனர். அவையோர் கைதட்டுகின்றனர், உண்டியல் நிறைகின்றது, மறுநாட் செய்தித்தாளிலே கலைஞரின் தாராள மனம் பாராட்டப்படுகின்றது. இத்துடன் தன் கடமை முடிந்ததென விமர்சகன் கருதிவிடுகிறான். உண்மையில் அங்கேதான் அவனது கடமை தொடங்குகின்றது. மேடையில் நின்று பாடியவர் யார்? அவருடைய குரல் யாருக்குச் செல்வமாயிற்று? யாருக்காக நிதி திரட்டப்பட்டதோ அவருக்கும் பாடியவருக்கும் இடையேயுள்ள உறவென்ன? இவ்வினாக்களுக்கு விடைகாண முயலாத இசை விமர்சனம், சுருதியையும் தாளத்தையும் அளக்கும் முழக்கோலாக மட்டுமே அமையும்.

இவ்வினாக்களை ஆராய்தற்கு, 1975ஆம் ஆண்டு யூன் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் டிட்ரோயிற் நகரில் நடைபெற்ற இசையரங்கொன்று தக்க எடுத்துக்காட்டாகும். ஆற்றங்கரையில் அமைந்திருந்த போர்ட் மண்டபத்திலே அது நிகழ்ந்தது. ஜோன் லிற்றில் என்னும் கறுப்பினப் பெண்ணின் வழக்குக்கு ஆதரவு திரட்டுவதே அதன் நோக்கம். அம்மேடையிற் பாடியோருள் ஒருவர் புளோரன்ஸ் பலார்ட். 'சுப்ரீம்ஸ்' என்னும் புகழ்பெற்ற மூவர் குழுவைத் தொடக்கியவர் அவரே. அன்று அவருக்கு வயது ஏறக்குறைய 32.

முதலில் வழக்கை நோக்குவோம். 1974 ஓகஸ்டில் வட கரோலினா மாநிலத்துச் சிறையொன்றிலே, வெள்ளை இனத்துச் சிறைக்காவலர் ஒருவர், பனிக்கட்டி உடைக்கும் ஊசியாற் குத்துண்டு இறந்து கிடந்தார். அவர் கிடந்த அறையிற் கைதியாக இருந்தவர் 20 வயதான ஜோன் லிற்றில். தம்மைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்திய காவலரிடமிருந்து தம்மைக் காத்துக்கொண்டதாகவே அவர் கூறினார். அவர்மீது முதலிற் சாட்டப்பட்டதோ மரணதண்டனைக்குரிய கொலைக்குற்றம். தன் உடலைக் காக்கும் உரிமை கறுப்பினப் பெண்ணுக்கு உண்டா இல்லையா என்பதே அந்நீதிமன்றில் வழக்காயிற்று.

டிட்ரோயிற் நகரில் ஜோன் லிற்றில் பாதுகாப்புக் குழுவை அமைத்தோருள் றோசா பார்க்ஸ் ஒருவர் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. 1955இல் மொன்ற்கொமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்த பெண் என்றே உலகம் அவரை அறியும். களைத்துப்போன தையற்காரி ஒருத்தியின் தற்செயலான மறுப்பாகவே அந்நிகழ்ச்சியைச் சித்திரிப்பாரும் உளர். ஆயின் அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1944இல், அலபாமாவில் வெள்ளையர் அறுவரால் வன்புணர்வுக்குள்ளான றீசி டெய்லரின் வழக்கை விசாரிக்கச் சென்றவர் அவர். அவ்வழக்கிலே குற்றவாளிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை. 1957இல் டிட்ரோயிற்றுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அவர் அப்போராட்டத்தைக் கைவிடவில்லை. ஆகவே 1975ஆம் ஆண்டின் அவ்விசையரங்கு, கறுப்பினப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்த நீண்ட போராட்டத்தின் ஓர் அங்கமாகவே நடைபெற்றது.

இனி, பாடியவரை நோக்குவோம். புளோரன்ஸ் பலார்ட் 1943இல் டிட்ரோயிற்றிற் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம். தந்தையார் தெற்கிலிருந்து வந்து ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புறூஸ்டர் அரசாங்கக் குடியிருப்பிலே வளர்ந்த இப்பெண், 1959இல் மேரி வில்சன், டயானா றொஸ் முதலியோருடன் சேர்ந்து பாடத் தொடங்கினார். 1961இல் மோட்டவுண் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தஞ் செய்தது. 1964க்கும் 1967க்கும் இடையில் அக்குழுவின் பத்துப் பாடல்கள் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. பத்திலும் பலார்ட்டின் குரல் உண்டு. பத்திலும் அது பின்னணிக் குரலே. தொடக்கத்தில் முன்னின்று பாடிய அவரைப் பின்னுக்குத் தள்ளி டயானா றொஸை முன்னிறுத்தியது நிறுவனத்தின் முடிவு.

மோட்டவுணின் அமைப்பை விளங்கிக்கொள்ளாது இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிது. அதன் நிறுவனர் பெரி கோர்டி, போர்ட் நிறுவனத்தின் லிங்கன்-மேர்க்கூரி தொழிற்சாலையிலே பாகம் பொருத்தும் வரிசையில் நின்று உழைத்தவர். 1959இல் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன்பெற்று இசைத்தட்டுத் தொழிலைத் தொடங்கிய அவர், தாம் தொழிற்சாலையிற் கண்ட முறையையே பாட்டுக்கும் கையாண்டார். ஒருவர் எழுத, ஒருவர் இசையமைக்க, ஒருவர் பாட, மற்றொருவர் நடையுடை பழக்க, இறுதியில் தரப்பரிசோதனை நடைபெறும். கறுப்பினத்தவர் ஒருவர் இத்தகைய நிறுவனத்தை நிலைநாட்டியது வரலாற்றில் ஒரு சாதனையே என்பதை மறுத்தல் நேர்மையாகாது. வெள்ளையர் வானொலிகளின் கதவைத் திறந்தது அச்சாதனை. ஆயினும் வரிசையில் நிற்கும் தொழிலாளியை மாற்றீடு செய்யலாம் என்பதும் அம்முறையின் நியதியாகும். 1967 யூலையிற் பலார்ட் குழுவினின்றும் நீக்கப்பட்டார். அவ்விடத்தை இன்னொரு பெண் நிரப்பினார். 1968இல் ஏறக்குறைய 1,40,000 டொலரைத் தீர்வாக ஏற்ற பலார்ட், தனியே பாட முற்பட்டபோது 'சுப்ரீம்ஸ்' குழுவிற் பாடியவர் எனத் தம்மை விளம்பரப்படுத்தும் உரிமையையும் இழந்திருந்தார். தாம் தொடக்கிய குழுவின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்ல முடியாத நிலை! மோட்டவுண்மீது 1971இல் தொடுத்த வழக்குத் தள்ளுபடியாயிற்று. தம் சட்டத்தரணிமீதும் அவர் வழக்காட நேர்ந்தது. வீடு கைவிட்டுப் போயிற்று. மூன்று பெண்பிள்ளைகளுடன் அவர் அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்கிறார் என்னும் செய்தி 1975இன் தொடக்கத்திற் பத்திரிகைகளில் வெளிவந்தது.

அவ்வாண்டு நடுப்பகுதியிலேதான் அவர் போர்ட் மண்டப மேடையில் ஏறினார். அம்மண்டபமோ போர்ட் குடும்பத்தாரும் லிங்கன்-மேர்க்கூரி வாகன விற்பனையாளரும் அளித்த பணத்தில் எழுந்து 1956இல் திறக்கப்பட்டது. பிறருக்கு நிதி திரட்டுவதற்காகப் பாடிய பெண் தாமே உதவிப்பணத்தில் வாழ்ந்தவர் என்னும் முரண்பாடு தனியொருவரின் தலைவிதியன்று. உழைப்பவரிடமிருந்து உழைப்பின் பயனைப் பிரித்துவிடும் அமைப்பொன்றின் இயல்பான விளைவேயாகும்.

இன்னுமொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். பலார்ட் தமது 17ஆம் வயதளவில் வன்புணர்வுக்குள்ளானார் என்பதை மேரி வில்சன் 1986இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார். அன்றைய அவையோர் இதனை அறிந்திருக்க நியாயமில்லை. மேடையில் நின்றவரும் சிறையில் இருந்தவரும் ஒரே கொடுமையின் இரு சாட்சிகள் என்பதை இன்று நாம் அறிவோம்.

அங்கு அவர் பாடியது 'ஐ ஆம் வுமன்' என்னும் பாடல். 'டெட்லி நைட்ஷேட்' என்னும் பெண்கள் குழு பக்கவாத்தியம் வாசித்தது. அவையோர் பெரும் வரவேற்பளித்தனர். பாடலோ அவுஸ்திரேலியாவிற் பிறந்த வெள்ளையினப் பாடகி ஹெலன் றெடி பாடிப் புகழீட்டி, 1972இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ஒன்று. இங்கேதான் விமர்சகர் இருசாரார் முகஞ் சுளிப்பர். தூய கலை பேசுவோர், ஜாஸ் இசையின் நுட்பமோ சோல் இசையின் ஆழமோ இல்லாத சந்தைப் பாடலென்று அதனை ஒதுக்குவர். நம்மிடையேயுள்ள வரட்டுச் சூத்திரவாதிகளோ, தனிமனித வாதத்தைப் போதிக்கும் நடுத்தர வர்க்கப் பாட்டென்று தீர்ப்பளிப்பர்.

இரு தீர்ப்புகளும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. பாட்டின் பொருள் ஏட்டில் எழுதப்பட்ட சொற்களுடன் முடிந்துவிடுவதில்லை. யார், எங்கே, எதன் பொருட்டுப் பாடுகிறார் என்பதும் அப்பொருளின் கூறேயாகும். பத்து வெற்றிப் பாடல்களிற் பின்னணியில் நின்ற பெண், எட்டாண்டுகள் தம் குழுவின் பெயரையும் இழந்து வாழ்ந்த பெண், மேடையின் நடுவே வந்து நின்று 'நான்' என்று தொடங்குகிறார். அந்த 'நான்' வானொலியில் ஒலித்த 'நான்' அன்று. மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறைப்பட்ட இன்னொரு பெண்ணும் அச்சொல்லினுள் அடங்கிவிடுகின்றார். உருவம் பழையதாயினும் உள்ளடக்கம் புதிதாயிற்று. சந்தை உற்பத்தி செய்த பாட்டொன்றை மக்கள் கைப்பற்றித் தமதாக்கிக்கொண்ட கணம் அது.

அதே வேளை, கைப்பற்றிய பாட்டுக்கும் போராட்டத்தினுள்ளேயே பிறந்த பாட்டுக்கும் வேறுபாடுண்டு என்பதையும் மறந்துவிடலாகாது. குடியுரிமை இயக்கத்தின் பாடகியாய் வளர்ந்த பேர்னிஸ் ஜோன்சன் றீகன், ஜோன் லிற்றிலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலொன்றை இயற்றினார். பலார்ட்டின் பாட்டு அரங்கின் சூழலாற் பொருள் பெற்றது. றீகனின் பாட்டோ செல்லுமிடமெங்கும் அச்சூழலைத் தன்னுடன் கொண்டு சென்றது. ஓர் இயக்கத்துக்கு இரண்டும் வேண்டற்பாலன.

அவ்வரங்கின் விளைவு யாது? 1975 ஓகஸ்ட் 15இல் ஜோன் லிற்றில் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. யூரிமார் கலந்தாலோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் 78 நிமிடங்கள் மட்டுமே. வன்முறையை எதிர்த்துத் தன்னைக் காத்த கறுப்பினப் பெண்ணுக்கு நீதிமன்றம் நியாயம் வழங்கிற்று. ஆறு மாதங்கள் கழித்து, 1976 பெப்ரவரி 22இல், இதயக் குருதிக்குழாய் அடைப்பினாற் புளோரன்ஸ் பலார்ட் இறந்தார். வயது 32.

ஒருவர் மீண்டார், மற்றவர் மீளவில்லை. இதற்குக் காரணம் என்ன? ஜோன் லிற்றிலின் பின்னே ஒரு குழு இருந்தது, பல நகரங்களிற் கிளைகள் இருந்தன, வழக்கறிஞர் இருந்தனர், தெளிவான கோரிக்கை இருந்தது. பலார்ட்டின் பின்னே இருந்தது கைதட்டல் மட்டுமே. கைதட்டலுக்கு நீதிமன்றத்தில் நிற்கும் வலுவில்லை. இவ்விசையரங்கிலிருந்து நாம் பெறவேண்டிய முதன்மையான பாடம் இதுவே எனலாம்.

பிற்கால நிகழ்ச்சிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. டிட்ரோயிற்றின் மற்றொரு மகளாகிய மேரி வெல்ஸ், மோட்டவுணின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவர். 1990இற் குரல்வளைப் புற்றுநோய் கண்டபோது அவருக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கவில்லை. உதவி நிதியும் நண்பர் நன்கொடையுமே கைகொடுத்தன, 1992இல் மறைந்தார். அவருக்கு உதவிய 'றிதம் அன்ட் புளூஸ்' அறநிதியமோ ஒரு போராட்டத்தின் பயனாய் 1988இற் பிறந்தது. 1950களில் அற்லான்ரிக் நிறுவனத்தின் செல்வத்தைப் பெருக்கிய றூத் பிறவுண், 1960களில் வீட்டு வேலை செய்து பிழைக்க நேர்ந்தது. அவர் தமக்கு மட்டும் தருமம் கேட்கவில்லை. றோயல்டி என்னும் உரிமைப் பங்கு தமக்கும் தம்மையொத்த முதிய கலைஞருக்கும் மறுக்கப்பட்டதென வழக்குரைஞர் துணையுடன் ஆண்டுக்கணக்காகப் போராடினார். நிறுவனம் கணக்கைத் திருத்தியது. அறநிதியத்துக்கு மூலதனமும் அளித்தது. டிட்ரோயிற்றில் வளர்ந்த ஜாஸ் பாடகி பெற்றி கார்ட்டரோ வேறொரு வழியைக் கைக்கொண்டார். பெரிய நிறுவனங்கள் தம்மை ஒதுக்கியபோது, 1969இல் 'பெற்-கார்' என்னும் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கித் தம் குரலின் உடைமையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். உற்பத்திச் சாதனம் யார் கையிலுள்ளது என்ற வினா இசைக்கும் பொருந்துமென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

உள்ளூர்ப் பாடகியரைக் கொண்டாடும் இசையரங்குகள் தேவையில்லை என்பது நம் வாதமன்று. தேவைதான். அவை மக்களை ஒன்றுகூட்டுகின்றன. மறக்கப்பட்ட குரல்களை மீண்டும் நடுமேடைக்குக் கொணர்கின்றன. போராடுவோர்க்குப் பணமும் துணிவும் அளிக்கின்றன. ஆயின் கொண்டாட்டம் கொடுக்கல் வாங்கலை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. நிதி திரட்டுவோர் முதலில் பாடகியின் ஊதியத்தைக் கொடுத்துவிட்டு மீதியை நற்பணிக்கு வழங்கட்டும். அவருடைய பாடல் பதிவாயின் அதன் உரிமைப் பங்கு அவர்க்கே என எழுத்தில் உறுதி செய்யட்டும். ஊதியம் வேண்டாமென்று பாடகியே மறுப்பின் அது அவருடைய கொடை. அவர் கேட்காதிருக்கும்போது பிறர் எடுத்துக்கொள்வது கொடையாகாது.

விமர்சகனுக்கும் இதிற் பங்குண்டு. அடுத்த முறை இத்தகைய அரங்கைப் பற்றி எழுதும்போது, குரலின் இனிமையை வியந்து நான்கு வரி எழுதட்டும். அப்பாடகி எவ்வாறு வாழ்கிறார் என்பதையும் விசாரித்து ஐந்தாம் வரியாக எழுதட்டும். அவ்வொரு வரி 1960களிலேயே எழுதப்பட்டிருப்பின், போர்ட் மண்டபத்தில் எழுந்த கைதட்டலுக்குப் பின்னே ஒரு குழுவும் எழுந்திருக்கக்கூடும்.