கட்டுப் பிரிக்கும் கை

புண்ணில் ஒட்டிக் காய்ந்துபோன காஸ் துணியை நல்ல நர்ஸ் ஒருவர் எடுக்கும் அழகே தனி. வெடுக்கென்று இழுக்க மாட்டார். முதலில் கை. ஆல்கஹால் கரைசலை உள்ளங்கையில் வாங்கி விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று 20 முதல் 30 விநாடி தேய்ப்பார்; ஈரம் காய்ந்த பிறகே கையுறை. அப்புறம் சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் துணியை ஊறவைப்பார். அந்தக் காத்திருப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. வார்டில் நாலு பேர் கூப்பிடுவார்கள். அவர் கண் காஸின் ஓரத்திலேயே இருக்கும். ஓரம் நெகிழ்ந்ததும் ஒரு கையால் தோலை லேசாக அணைத்துக்கொண்டு மெல்ல மடித்து உரிப்பார். பல்லைக் கடித்திருந்த பெரியவர், "முடிஞ்சுதாம்மா?" என்பார். "ஆச்சுங்கய்யா." பழைய கட்டு மஞ்சள் பைக்குள் போகும்; கையுறையும் மாறும்.

பிறகு புண்ணைப் படிப்பது. மாதுளை முத்துப்போல் சிவந்து மினுங்கினால் புதுச்சதை வளர்கிறது. மஞ்சளாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் செத்த திசு. கறுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். 'புண் நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? 'நீளம் 4 செ.மீ., அகலம் 2 செ.மீ., கால் பங்கு மஞ்சள் படிவு, கசிவு குறைவு, வாடை இல்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறினால், இரவு ஷிஃப்டுக்கு வருபவர் கட்டைப் பிரிக்காமலே புண்ணைப் பார்த்துவிடுவார். நர்சிங் படிக்கும் பிள்ளைகளே, செய்த கையோடு நேரம் போட்டு, கையெழுத்திட்டு எழுதிவிடுங்கள்; ஷிஃப்ட் முடியும்வரை தள்ளிப்போட்டால் அளவு மறந்துபோகும்.