பொன்தட்டும் பாட்டின் தரமும்

பாட்டை நிறுக்கத் தராசு உண்டா? உண்டு என்கிறது இசைத்தட்டு வாணிபம். அத்தராசிற்குப் பெயர் "பொன்தட்டு". சென்ற மாதம் சிராங்கூன் சாலைப் பக்கம் பழைய தட்டுகள் விற்கும் கடையொன்றில் நின்றிருந்தோம். வாங்க வந்த இளைஞர் ஒருவர் ஒரு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை இலட்சம் விற்றது?" என்று கேட்டார். பாடியவர் யார், பாட்டு எத்தகையது என்று அவர் கேட்டாரில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பொன்தட்டின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் கிளென் மில்லரின் தட்டு 12 இலட்சம் விற்றதைப் பாராட்டிப் பொன் பூசிய தட்டொன்று அவருக்கு வழங்கப்பட்டது. வழங்கியவர் யார்? அத்தட்டை விற்ற ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனியாரே. பின்னர் 1958இல், அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற் கழகம் கணக்கைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் முறையை ஏற்படுத்தியது. அக்கழகமும் தட்டுக் கம்பெனிகளின் கழகமே என்பதை மறத்தலாகாது.

இன்று அந்நாட்டில் ஓர் இசைத்தொகுப்பு 5 இலட்சம் போனால் பொன். 10 இலட்சம் போனால் பிளாட்டினம். 1 கோடி போனால் வைரம். பிரிட்டனிலோ 1 இலட்சத்துக்கே பொன், 3 இலட்சத்துக்கே பிளாட்டினம். மக்கள் தொகை குறைந்த சிங்கப்பூரில் சில ஆயிரமே போதும். பெயர் பொன் என்பது ஒன்றே. மாற்றுத்தான் ஊருக்கு ஊர் வேறு! மேலும், கம்பெனி தானே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினாலன்றி அமெரிக்கச் சான்று கிட்டாது. எனவே சான்று பெறாதது விற்காதது என்று முடிவு கட்டுவதும் பிழை. 2016 முதல், இணைய வழியில் 1,500 முறை பாட்டு ஒலித்தால் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமம் என்றும் அக்கழகத்தார் கணக்கிடுகின்றனர். காசு சேர்த்து ஒருவர் வாங்கிப் போற்றி வைத்த தட்டும், பலர் போகிற போக்கில் கேட்டுவிட்ட ஒலியும் ஒரே ஏட்டில் ஏறுகின்றன.

கணக்கே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. எத்தனை தட்டுகள் அச்சாயின என்பது மறைக்கப்படின், முதலில் ஏமாறுபவர் பாடியவரே. உழைத்தவருக்குக் கூலி சேர நேர்மையான கணக்கு இன்றியமையாதது. ஆனால் கூலிக் கணக்குப் புத்தகத்தைக் கலைத் திறனாய்வு நூலாகக் கொள்வதையே நாம் மறுக்கிறோம்.

இனி, இக்கணக்கில் நம் மக்கள் எங்கே நிற்கின்றனர்? கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். 1903இல் சிங்கப்பூருக்கும் வந்தார். 1908இல் கல்கத்தாவில் ஆலை எழும்வரை, அக்கம்பெனி பதிவு செய்த இந்தியப் பாட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகியே திரும்பி வந்தன. அத்தட்டுக்கு வேண்டிய அரக்கோ இந்தியக் காட்டு மரங்களில் பூச்சி ஈந்தது. அரக்கும் நமது, குரலும் நமது. முத்திரை மாத்திரம் பிறருடையது.

அக்காலத் தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். அந்த மூன்று நிமிடத்தைக் கேட்கத் தோட்டத்து லயத்தில் எத்தனை பேர் கூடினர்! பெட்டி வைத்திருந்தது ஒரு வீடு. கேட்டது லயம் முழுவதும். நகரத்திலோ காப்பிக்கடை வாசல். கோயிலிலும் கச்சேரி மண்டபத்திலும் இடம் பெறாதவனும் அங்கே நின்று கேட்டான். தட்டு எவனையும் சாதி கேட்டதில்லை. நூறு செவிகள் குளிர்ந்தன. விற்பனை ஏட்டில் ஏறியது ஒன்று!

கோயமுத்தூர் தாயி என்ற பாடகியை எண்ணிப் பாருங்கள். தேவதாசி மரபிற் பிறந்த அவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டுகளுக்குப் பாடினார். 1912இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசைப் புலவர் மொரீஸ் தெலாழ் அவர் பாட்டில் உள்ளம் பறிகொடுத்தார். அவருடைய தட்டொன்றைத் தழுவி "ராகமாலிகா" என்ற பியானோ இசையை இயற்றினார். தாயி 1917இல் மறைந்தார். அவருக்குப் பொன்தட்டு இல்லை; அப்படியொன்று அன்று உலகிலேயே இல்லை. எனினும் கடல் கடந்து மற்றொரு கலைஞன் உள்ளத்தில் புதிய இசையைப் பிறப்பித்தது அந்த அரக்குத் தட்டு. எந்தத் தணிக்கையாளர் இதற்குச் சான்றிதழ் எழுதுவார்?

பலர் வாங்கியது என்பதனாலேயே ஒரு பாட்டு இழிந்ததாகாது; சிலரே வாங்கினர் என்பதனால் உயர்ந்ததும் ஆகாது. விற்பனை, கடைத்தெருவில் கூடிய கூட்டத்தின் அளவைச் சொல்லும். அவ்வளவே. ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை தட்டொன்றைக் கையில் எடுக்கும்போது, பாடியவர் யார், சொல்லை எழுதியவர் யார், அச்சொல்லும் பண்ணும் பொருந்தினவா என்று கேளுங்கள். பின்பு கடைக்காரரை ஓடவிடச் சொல்லி இறுதிவரை செவி கொடுங்கள். எத்தனை இலட்சம் என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.