ஓனிக்ஸ் மேல் விழுந்த தண்ணீர்

ஓசூர்ப் பக்கம் ஜுஜுவாடி எல்லையிலிருந்து சூளகிரி வரைக்கும் ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கும். ‘போக்கிமான்’ இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் வந்ததும் அப்படித்தான்: ஹங்காமா டிவியில் ஒரு வீட்டில் தமிழ் ஓடும், பக்கத்து வீட்டில் தெலுங்கு. 2024 மே மாதம் ‘ஹொரைசன்ஸ்’ தொடரும் இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றிலும்தான் தொடங்கியது. போக்கிமானுக்கு மூலம் ஒரு வீடியோ கேம் என்பது பலருக்குப் பின்னால்தான், போனில் எமுலேட்டர் போட்டு ஆடியபோதுதான் தெரியவந்தது. ஜப்பானியப் பிள்ளைகள் ஆடிவிட்டுப் பார்த்ததை ஓசூர்ப் பிள்ளைகள் பார்த்துவிட்டு ஆடினார்கள்.

அப்படி ஆடப் போனவர்கள் முதலில் தேடுவது பிக்காச்சுவை. அது அங்கே இருக்காது.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய்க்கு வந்த சிவப்பு, பச்சைப் பதிப்புகளில் பேராசிரியர் ஓக் மூன்று போக்கிமான்களை நீட்டுவார்: புல்பசோர், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில். ஒன்றை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிக்காச்சு விரிடியன் காட்டுப் புல்லுக்குள் எப்போதாவது தலைகாட்டும் 151 பேரில் ஒருவர், அவ்வளவே. 1997 ஏப்ரல் 1 அன்று தொடர் ஒளிபரப்பானபோது இயக்குநர் குனிஹிக்கோ யுயாமாவும் தலைமை எழுத்தாளர் தகேஷி ஷுடோவும் இந்த இடத்தில்தான் முதலில் கைவைத்தார்கள். பையன் தூங்கிவிடுகிறான். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மூன்றும் போய்விட்டன. மிச்சம் இருப்பது சொல்பேச்சு கேட்காத, தொட்டால் ஷாக் அடிக்கிற ஒரு மஞ்சள் எலி.

கேமில் கதாநாயகன் வாயே திறப்பதில்லை, ஏனென்றால் அவன்தான் நாம். தொடரில் அவனுக்குப் பெயர், கோபம், அவசரம் எல்லாம் உண்டு. கேமை உருவாக்கிய சதோஷி தஜிரியின் பெயரையே ஜப்பானில் அவனுக்கு வைத்தார்கள். நமக்கு அவன் ஆஷ்.

தழுவலின் முழுத் திறமையும் தெரிவது ஐந்தாவது எபிசோடில். கேமில் பியூட்டர் நகரத்து ப்ராக், முதல் ஜிம்மின் தலைவர். இரண்டு வரி பேசுவார், ஜியோடூடையும் ஓனிக்ஸையும் இறக்குவார், தோற்றால் பேட்ஜைக் கொடுப்பார். ஓனிக்ஸ் பாறையும் மண்ணும் சேர்ந்தது. மண் வகை மேல் மின்சாரம் துளியும் ஏறாது. தண்ணீர் பட்டால் நான்கு மடங்கு அடி. இது ஆட்டத்தின் சட்டம்.

கையில் பிக்காச்சுவோடு வருகிறவன் இங்கே ஜெயிக்கவே முடியாது. எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? சண்டையில் பறந்த மின்பொறியால் தீப்பிடித்து, கூரையில் இருக்கும் தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. ஓனிக்ஸ் நனைகிறது, தளர்கிறது, மின்சாரம் ஏறுகிறது. பாறைக்குத் தண்ணீர் ஆகாது என்ற கேமின் விதியை வைத்தே கேமின் இன்னொரு விதியைத் தாண்டிவிட்டார்கள். இதைவிட அழகு அடுத்தது. ப்ராக் வளர்த்துவரும் தம்பி தங்கைகள் ஓடிவந்து ஆஷைப் பிடித்துக்கொள்கிறார்கள்; இது நியாயமான வெற்றி இல்லை என்று ஆஷ் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியேறுகிறான். பின்னாலேயே வந்து பேட்ஜைக் கொடுக்கிறார் ப்ராக். சிப்காட்டில் ஷிப்டுக்குப் போய்த் தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கிற அண்ணன்கள் நிறைந்த ஊருக்கு இந்த ப்ராக்கை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. கேமில் இவர் தாண்டிப்போக வேண்டிய ஒரு தடை மட்டும்.

காலமும் மாறிப்போகிறது. கேமில் விடாமல் ஆடினால் சில வாரங்களில் சாம்பியன் ஆகிவிடலாம். ஆஷோ தன் முதல் லீகில் அவனுடைய சாரிசார்டு சண்டை போட மறுத்துப் படுத்துக்கொண்டதால் தோற்றான். அலோலாவில் அவன் லீக் கோப்பையை வென்றது 2019-ல். உலகச் சாம்பியன் ஆனது 2022 நவம்பரில். தோல்வியைக் கேமில் அழித்துவிட்டு, சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். தொடரில் அது கூடவே வரும். அதனால்தான் இரண்டு தலைமுறை அவனோடு ஒட்டிக்கொண்டது.

தழுவல் கடைசியில் மூலத்தையே மாற்றியது. 1998 செப்டம்பரில் வந்த மஞ்சள் பதிப்பில் பிக்காச்சுதான் முதல் துணை. பந்துக்குள் போக மறுத்துப் பின்னாலேயே நடந்து வரும், தொடரில் குரல் கொடுத்த இகுயே ஓதானியின் குரலிலேயே கூவும். தொடருக்காகவே பிறந்த ஜெஸ்ஸியும் ஜேம்ஸும்கூட அதில் வருகிறார்கள். தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பதிப்பிலிருந்து தொடங்கலாம். ஆனால் ப்ராக்கின் ஜிம்மில் இங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. காட்டிலேயே ஒரு கேட்டர்பீயைப் பிடித்து, பட்டர்ஃப்ரீ ஆகும்வரை வளர்த்துக்கொண்டு போங்கள்.